அத்தை ஃபேர்தான்

எங்கள் வீட்டில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று பத்து வயதில் எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அது உண்மையில்லை. அப்பாவுக்குப் படிக்கத் தெரியும், எழுதுவதற்குத்தான் கை கூசும். அப்பாவின் தங்கையான அத்தை பியூசி முடித்தவள். கார்மென்ட்ஸ் கம்பெனி ஒன்றில் தைத்து வரும் சட்டைகளைச் சோதித்து, எந்த இடத்தில் என்ன குறை என்று நாள் முழுவதும் ஆங்கிலத்தில்தான் குறித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் கேஸ் இணைப்போ ரேஷன் கார்டோ, எந்த ஃபார்ம் வீட்டுக்குள் வந்தாலும் அப்பா என்னைத்தான் கூப்பிடுவார். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு வேறு யாரிடம் போவது என்பது அவருடைய கட்சி. நானும் பேனாவை எடுத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடி போட்ட பெரிய ஆள் மாதிரி உட்கார்ந்துவிடுவேன்.

அல்சூரில் ஒரு சந்துக்குள், மாடியில் இரண்டு அறை எங்கள் வீடு. மெட்ரோவுக்காகப் பெரிய ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு அப்பா பெங்களூருக்கு வந்து ஓர் அபார்ட்மென்டில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்திருந்தார். தாத்தா இறந்ததும் அத்தையும் எங்களோடு வந்துவிட்டாள். அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. சர்ச்சில் யாரைப் பார்த்தாலும் அப்பாவிடம் முதலில் கேட்பது அத்தையின் கல்யாணத்தைப் பற்றித்தான். அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தலையைக் குனிந்துகொண்டு வீடு திரும்புவார்.

கடைசியில் சிவாஜிநகரில் ஒரு கல்யாணத் தகவல் மையம் இருப்பதாக யாரோ சொன்னார்கள். ரிடையரான டீச்சர் ஒருவர் துணிக்கடைக்கு மேலே ஒரு அறையில் நடத்திக்கொண்டிருந்தார். எங்களைப் போன்ற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டும் வரன் பார்த்துக்கொடுப்பார். அப்பா போய் ஃபார்ம் வாங்கி வந்தார். முன்னும் பின்னும் ஆங்கிலத்தில் அச்சடித்த நீளமான காகிதம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அத்தைக்கு அன்று ஓவர்டைம், வீட்டில் இல்லை. அம்மா சமையலில் இருந்தாள்.

பெயர், பிறந்த தேதி, உயரம், படிப்பு, வேலை எல்லாம் அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். அப்போது அவருடைய செல்போன் அடித்தது. அபார்ட்மென்டில் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டதாம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது நான் அடுத்த வரிக்கு வந்திருந்தேன்.

"அப்பா, காம்ப்ளெக்ஷன்னா இன்னா?"

அப்பா காகிதத்தைப் பார்க்கவில்லை. "ஆளு எப்படின்னு கேக்கறாங்க. பாத்துப் போடு பாப்பா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஆள் எப்படி என்ற கேள்விக்கு நான்கு கட்டங்கள் இருந்தன. வெரி ஃபேர், ஃபேர், வீட்டிஷ், டார்க். ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும்.

ஃபேர் என்ற சொல்லை நான் நன்றாக அறிவேன் என்று நினைத்திருந்தேன். அந்த மாதம்தான் ஸ்கூலில் இங்கிலீஷ் மிஸ் அட்ஜெக்டிவ் நடத்தியிருந்தார். ஃபேர் என்றால் நியாயமான, ஒரு பக்கம் சாயாத என்று போர்டில் எழுதிப்போட்டு, அதற்கு எதிர்ச்சொல் அன்ஃபேர் என்று ஆளுக்குப் பத்துத் தடவை எழுதச் சொன்னார். அது போக, எங்களுக்கெல்லாம் ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு என்று இரண்டு நோட்டுகள் உண்டு. ரஃப் நோட்டில் அடித்துத் திருத்தலாம், ஃபேர் நோட்டில் ஓர் அடித்தல்கூட இருக்கக் கூடாது. ஆக ஒரு மனிதர் நியாயமாகவும் சுத்தமாகவும் இருந்தால் அவர் ஃபேர். இதில் என்ன சந்தேகம்?

அம்மாவின் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த முகக்கிரீம் ட்யூபிலும் அந்தச் சொல் இருந்தது. தினம் பார்த்ததுதான். ஆனால் அதை ஒரு க்ரீமின் பெயராக மட்டுமே படித்திருக்கிறேன். பெயருக்கு அர்த்தம் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அத்தையைப் பற்றி யோசித்தேன். எங்கள் கட்டடத்தில் ஐந்து குடித்தனத்துக்கும் ஒரே குழாய். தண்ணீர் வருகிற நாளில் யார் முதலில் பிடிப்பது என்று குடங்கள் முட்டிக்கொள்ளும். அத்தைதான் அதற்கு முறை வைத்தாள்; இன்று முதலில் பிடித்தவர்கள் நாளைக்குக் கடைசி. மறுநாள் அந்தக் கணக்கில் எங்கள் வீடே கடைசியாக வந்து, இரண்டு குடத்தோடு தண்ணீர் நின்றுபோனது. அம்மா அன்று அவளோடு பேசவில்லை. அத்தை முறையை மாற்றவும் இல்லை. அவளை வெரி ஃபேர் என்றே போட்டிருக்கலாம். ஆனால் நம் வீட்டு ஆளைப் பற்றி நாமே அப்படிப் போட்டுக்கொள்வது அடக்கமாக இருக்காது என்று விட்டுவிட்டேன். வீட் என்றால் கோதுமை; வீட்டிஷ் என்பது சப்பாத்தி சாப்பிடுகிறவர்களைக் குறிப்பதாக இருக்கலாம், நாங்கள் சோறு சாப்பிடுகிறவர்கள். டார்க் என்றால் இருட்டு. எப்போதும் உம்மென்று இருக்கும் ஆட்களை அப்படிச் சொல்வார்கள் போலும். இரண்டாவது கட்டத்தில் அழகாக ஒரு டிக் போட்டேன்.

சாயங்காலம் அத்தை வந்தாள். நின்றபடியே ஃபார்மைக் கையில் வாங்கிப் படித்தாள். கையெழுத்துப் போடப் போன பேனா பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் நீயா யோசிச்சுப் போட்டதா?"

"ஆமா அத்தை."

ஒரு சிரிப்பு வந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். என் கையெழுத்து நன்றாக இருப்பதாகவும் சொன்னாள். களைப்பில் சரியாகப் படித்திருக்க மாட்டாள் என்று பிற்பாடு நான் நினைத்துக்கொண்டது அதனால்தான். ஃபார்மோடு வைக்க ஸ்டுடியோவில் ஒரு போட்டோ எடுத்திருந்தார்கள். ஸ்டுடியோக்காரர் அவராகவே கம்ப்யூட்டரில் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்திருந்தார். வீட்டில் யாரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. போட்டோ என்றால் அப்படித்தான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரே மாதத்தில் சந்தாபுராவிலிருந்து ஒரு குடும்பம் வருவதாகத் தகவல் வந்தது. மாப்பிள்ளைக்கு அங்கேயே ஒரு ஃபேக்டரியில் வேலை. அவர், அவருடைய அம்மா, கல்யாணமான அக்கா என்று மூன்று பேர் வந்தார்கள். அம்மா கேசரியும் வடையும் செய்திருந்தாள். வீட்டுக்காரரிடம் இரண்டு நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தோம். அத்தை பச்சைப் புடவையில் காபித் தட்டோடு வந்து, எல்லோருக்கும் கொடுத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

வந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அக்கா கைப்பையைத் திறந்து ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை எடுத்தார். என் கையெழுத்து எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க," என்று அப்பாவிடம் சொன்னார். "இதுல ஃபேர்னு போட்டிருந்துச்சு. அதான் கேக்கறேன்."

அப்பா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "இது… பாப்பா எழுதினது," என்றார். அறையில் இருந்த அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

எனக்குப் பயமே இல்லை. பாடத்தில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பது போல நிமிர்ந்து நின்றேன். "அத்தை ஃபேர்தான்," என்றேன். அதோடு ஆதாரமும் கொடுத்தேன். குழாயடியில் முறை வைத்ததையும், எங்கள் வீட்டுக்கே இரண்டு குடம்தான் கிடைத்தது என்பதையும், அம்மா கோபித்துக்கொண்டு ஒரு நாள் பேசாமல் இருந்ததையும் விவரமாகச் சொன்னேன். மாப்பிள்ளைக்கு மட்டும் சிரிப்பு வந்தது. குனிந்து காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டார்.

"அதில்ல கண்ணு," என்றார் அவருடைய அக்கா. குரலில் கோபம் இல்லை. "இது கலரு. வெள்ளையா இருக்காங்களா, கறுப்பா இருக்காங்களான்னு கேக்கறது." பிறகு என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீயும் உங்க அத்தை மாதிரியேதான் இருக்க," என்றார்.

அம்மா அவசரமாகக் குறுக்கே வந்தாள். "தெனம் வெயில்ல பஸ் ஏறி எறங்கி இப்படி ஆயிட்டா. சின்னதுல நல்ல நெறம்." அப்பாவும் சேர்ந்துகொண்டார். "கொழந்த தெரியாம போட்டுடுச்சுங்க."

"தெரியாம இல்லண்ணா," என்றாள் அத்தை. "நான் படிச்சுப் பாத்துட்டுதான் கையெழுத்துப் போட்டேன்."

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ தெரிஞ்சேதான் போட்டிருக்கம்மா."

"ஆமாங்க."

வந்தவர்கள் கேசரியை அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டுச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லி எழுந்தார்கள். செருப்பு மாட்டும்போது மாப்பிள்ளை என்னிடம் எந்த க்ளாஸ் படிக்கிறேன் என்று கேட்டார். அஞ்சாவது என்றேன். நல்லாப் படி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா என்னைத் திட்டவில்லை. அத்தையிடம்தான் கத்தினார். "கொழந்த செஞ்ச தப்புன்னு விட்டிருந்தா முடிஞ்சிருக்கும். உனுக்கு இன்னாத்துக்கு அந்தப் பேச்சு? இப்போ நம்மதான் ஏமாத்தப் பாத்தோம்னு சந்தாபுரா பூரா சொல்லுவாங்க."

"கொழந்த மேல போட வேணாம்ணா," என்றாள் அத்தை. அவ்வளவுதான். டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்பக்க வராந்தாவுக்குப் போனாள். ஐந்தாறு டம்ளரைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. தண்ணீர் விழும் சத்தம் நின்ற பிறகும் அவள் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

நான் கண்ணாடிக்கு முன்னால் போய் அந்தக் க்ரீம் ட்யூபை எடுத்துப் பார்த்தேன். அதன் மேல் ஒரே பெண்ணின் முகம் பல தடவை, கறுப்பிலிருந்து வெளுப்பு வரைக்கும் வரிசையாக இருந்தது. கண்ணாடியில் என்னையும் பார்த்தேன். அந்த வரிசையில் நான் எங்கே நிற்கிறேன் என்று கண்டுபிடிக்க நேரம் பிடிக்கவில்லை. என் நோட்டின் அட்டையில் இருந்த சொல்லும், மிஸ் போர்டில் எழுதிய சொல்லும், இந்த ட்யூபில் இருந்த சொல்லும் ஒன்றுதான் என்பது எனக்கு ஏதோ மோசடி போலப் பட்டது. ஆனால் அன்று நான் அழுதது அதற்காக இல்லை. அத்தைக்கு வந்த மாப்பிள்ளையை நான் ஒரு டிக் போட்டு விரட்டிவிட்டேன் என்பதற்காக அழுதேன். எனக்காக அவள் எல்லோர் முன்னாலும் பொய் சொன்னாள் என்று நினைக்க இன்னும் அழுகை வந்தது.

அடுத்த சனிக்கிழமை அத்தைக்கு அரை நாள் வேலை. ஃபார்மைத் திருத்திக் கொடுத்துவிட்டு வரலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு சிவாஜிநகருக்குப் பஸ் ஏறினாள். துணிக்கடைக்குப் பக்கத்தில் குறுகலான படி. மேலே டீச்சரம்மா ஃபைல்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சந்தாபுராக்காரர்கள் அவரிடமும் போன் செய்து குறைப்பட்டிருந்தார்கள்.

"வீட்டிஷ்னு மாத்திடலாம்மா," என்றார். "கோதுமை நெறம். கறுப்புன்னு யாருமே போடறதில்ல, எல்லாரும் இதுலதான் வந்து நிக்கறாங்க. உங்கண்ணனும் போன்ல அதைத்தான் சொன்னாரு."

"டார்க்னே போட்டுடுங்க டீச்சர்."

"அப்படிப் போட்டா யாரும் வர மாட்டாங்கம்மா. என் அனுபவத்துல சொல்றேன்."

"பரவால்ல டீச்சர்," என்றாள் அத்தை.

கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள். டீச்சரம்மா புது ஃபார்ம் ஒன்றை எடுத்து நீட்டினார். அத்தை அதை என் பக்கம் தள்ளி, பேனாவையும் கொடுத்தாள். "பாப்பாவே எழுதட்டும்."

பழைய ஃபார்மைப் பார்த்து எல்லாவற்றையும் எழுதினேன். அந்த நான்கு கட்டத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை. டீச்சராக இருந்தவர்தானே என்று அவரிடமே கேட்டேன். "நியாயமா இருக்கறதுக்கும் ஃபேர்னுதானே சொல்லணும்? அதை இதுல எங்க எழுதறது?"

அவர் சிரிக்கவில்லை. ஃபார்மை வாங்கி முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "அதுக்கு எடம் வெக்கலையே கண்ணு," என்றார்.

நான்காவது கட்டத்தில் டிக் போட்டேன். கோடு கோணலாகி ஃபேர் நோட்டுக்கு ஆகாத மாதிரி விழுந்தது. அத்தை கையெழுத்துப் போட்டாள். போட்டோவையும் மாற்ற வேண்டுமே என்று டீச்சரம்மா சொல்வதற்குள், கம்பெனி கார்டுக்காக எடுத்த பாஸ்போர்ட் போட்டோ ஒன்றைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். அதில் அவள் இருக்கிறபடியே இருந்தாள்.

படியிறங்கும்போது நான் அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அத்தை, அன்னிக்கி எனக்காகத்தானே பொய் சொன்ன?"

"பொய் சொல்லல பாப்பா. நெஜமாவே படிச்சுதான் போட்டேன்."

அதையும் எனக்காகச் சொல்லும் பொய் என்றே எடுத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் நீலச் சட்டை போட்ட ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். முப்பது வயதிருக்கும். கம்பெனியில் தையல் மெஷின்களை ரிப்பேர் பார்ப்பவர் என்று அத்தை சொன்னாள். அவர் கன்னடக்காரர், அத்தையும் அவரோடு கன்னடத்தில்தான் பேசினாள்.

"ஆய்த்தா?" என்று கேட்டார் அவர்.

"ஆய்து," என்றாள் அத்தை.

அவர் என்னைக் காட்டி, "இவளேனா?" என்றார். "இவளே," என்று அத்தை சொன்னதும் இருவரும் சிரித்தார்கள். அவர் எதிரே இருந்த பேக்கரிக்குப் போய் எனக்கு ஒரு காரா பன் வாங்கி வந்தார். எங்கள் பஸ் வரும்வரை நின்று, பஸ் கிளம்பிய பிறகும் நின்றார். கன்னடம் எனக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் பேசியதில் ஒரு சொல்லும் எனக்குப் புரியாமல் இல்லை. முடிந்ததா என்று கேட்கிறார், முடிந்தது என்று சொல்கிறாள். இந்தப் பெண்தானா என்று கேட்கிறார், இவள்தான் என்று சொல்கிறாள். அத்தைக்குக் கெடுதல் செய்த பெண் இவள்தானா என்று கேட்கிறார் என நினைத்துக்கொண்டு, பன்னைக் கடிக்கவே வெட்கமாக இருந்தது எனக்கு.

டீச்சரம்மா சொன்னபடியே ஒன்றரை வருடத்துக்கு எங்கள் வீட்டுப் படியை யாரும் மிதிக்கவில்லை. அதற்குள் அந்த நீலச் சட்டைக்காரர் தன் தங்கைக்குக் கல்யாணம் செய்து முடித்தார். அதன் பிறகு அத்தை அப்பாவிடம் அவரைப் பற்றிச் சொன்னாள். மொழி வேறு, மதம் வேறு என்று அப்பா நான்கு மாதம் அவளோடு பேசாமல் இருந்துவிட்டு, ஐந்தாவது மாதம் ரிஜிஸ்தர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இப்போது அவர்கள் ஹொசகோட்டை பக்கம் இருக்கிறார்கள். மாமா என்று நான் கூப்பிடுவது அவரைத்தான்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள், அன்று ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று அத்தையிடம் நேராகவே கேட்டேன். மறைக்காமல் சொன்னாள். அப்பா ஃபார்ம் வாங்கி வந்தபோதே அவளும் மாமாவும் கல்யாணம் செய்துகொள்வது என்று பேசி முடிவு செய்திருந்தார்கள். அவருக்குத் தங்கை கல்யாணம் இருந்ததால் நாள் வேண்டியிருந்தது. நான் போட்டிருந்த டிக்கைப் பார்த்ததும், வருகிறவர்கள் தன்னைப் பார்த்தவுடனே திரும்பிப் போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அப்படியே போகட்டும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஆனால் அப்பா மாதம் ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்தால் அத்தனை பேர் முன்னாலும் நிற்க முடியாது என்பது சந்தாபுராக்காரர்கள் வந்து போன பிறகுதான் தெரிந்ததாம். அதனால்தான் யாருமே வராத கட்டத்துக்கு மாற்றிக்கொண்டாள். "எனக்கு அவங்க சொன்னது பெருசாத் தெரியலடி," என்றாள். "உன்னப் பாத்து அந்த மாப்பிள்ளையோட அக்கா, நீயும் என்ன மாதிரியேதான்னு சொல்லுவாங்கன்னு நான் நெனச்சுப் பாக்கல. அதுதான் இன்னிக்கும் மனசுல இருக்கு."

இதெல்லாம் தெரியாமல்தான் அன்று சிவாஜிநகரிலிருந்து அல்சூர் வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். ரோட்டைத் தோண்டியிருந்ததால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. ஏதோ பாட்டை முணுமுணுக்கிறாள். துக்கத்தை வெளியே காட்டக் கூடாது என்று பாடுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. பாவம் அத்தை, இனி அவளுக்கென்று யார் வரப்போகிறார்கள் என்று நினைத்து, அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று அவள் கையை எடுத்து என் மடியில் வைத்து, இறங்கும் வரைக்கும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.